டிஜேவை மேடைக்கு வெளியே நிறுத்திய கலைவிழாக் குழுவுக்கு

கலைவிழாக் குழுவில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். உங்கள் கல்லூரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே விதியை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன், அதனால் இது உங்களோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை. தனிநபர் கருவியிசைப் போட்டிக்குக் கீபோர்டு வரலாம், கிதார் வரலாம், வயலின், மிருதங்கம் எல்லாம் வரலாம். இந்த வருடம் புதிதாக, மடிக்கணினியில் சொந்தமாகத் தயாரித்த இசையையும் சேர்த்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே "டிஜே அனுமதி இல்லை" என்று போட்டுவிட்டீர்கள். என் சித்தி மகன் ஏன் என்று கேட்டதற்கு உங்களில் ஒருவர் சொன்ன பதில் இது: "அது அடுத்தவங்க பாட்டை ஓட்டுறதுதானே, தயாரிக்கிறதுதான் இசை."

நான் பன்னிரண்டு வருடமாக இரண்டையும் செய்கிறேன். பகலில் வீட்டு அறையில் உட்கார்ந்து இசை தயாரிக்கிறேன், முகூர்த்த நாட்களில் வரவேற்புகளில் டிஜேவாகப் போகிறேன். தயாரிப்பதன் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும். கிக் என்கிற டிரம் அடியும் பேஸ் என்கிற கீழ் ஒலியும் ஒன்றையொன்று மிதிக்காமல் உட்கார வைக்கவே ஒரு வாரம் போனதுண்டு. மெட்டு, ஒலி, கட்டமைப்பு என்று எல்லாவற்றையும் வெறுமையிலிருந்து கொண்டுவர வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அங்கே ஒரு வசதி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம், தூங்கி எழுந்து காலையில் புதுக்காதோடு கேட்கலாம். மேடையில் அப்படி எதுவும் கிடையாது. ஓடுகிற பாட்டு முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும், அதற்குள் அடுத்த பாட்டை முடிவு செய்து, ஒரு காதை ஹெட்போனுக்கும் இன்னொரு காதைக் கூடத்துக்கும் கொடுத்து, இரண்டையும் ஒரே லயத்தில் நிறுத்தி, எந்த எடுப்பில் உள்ளே விட வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். தவறினால் முந்நூறு பேருக்கும் அந்த நொடியே தெரியும்.

ஒரு இரவை மட்டும் சொல்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு வரவேற்பு. இளவட்டங்கள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் அம்மாச்சி ஒரு பையனை அனுப்பி, 1970களில் வந்த ஒரு பாட்டைப் போடச் சொன்னார். அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் வாத்தியக் குழு மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை, காதில் டிக் டிக் என்று வேகம் சொல்ல எதுவும் இல்லை. அதனால் பல்லவியில் ஒரு வேகம் இருக்கும், சரணம் முடித்துத் திரும்பும்போது ஒரு இழை கூடியிருக்கும். கேட்கிறவர்களுக்கு அதுதான் அந்தப் பாட்டின் உயிர். ஆனால் என் மென்பொருள் எல்லா அடியும் சம இடைவெளியில் விழும் என்று நினைத்துக் கோடு போட்டுவைக்கிறது. இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்துகிற சிங்க் பட்டனை அழுத்தினேன், ஹெட்போனில் முதல் நாலு ஆவர்த்தனம் சரியாகப் போனது, ஐந்தாவதில் இரண்டு தவில்காரர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் அடிப்பது போல ஆகிவிட்டது. அதோடு ஓடிக்கொண்டிருந்த பாட்டு அடிக்கு நாலாகப் போகிற சதுஸ்ர நடை, அம்மாச்சி கேட்டது திஸ்ரம், அடிக்கு மூன்றாகப் போகிற நம் ஊர்க் குத்து நடை. அடிகள் ஒன்றாக விழுந்தாலும் நடுவில் நாலும் மூன்றும் மோதும்.

சிங்கை அணைத்தேன். ஓடுகிற பாட்டில் வெறும் கிக் மட்டும் கேட்கிற எட்டு அடியைப் பிடித்துச் சுழலவிட்டேன், அப்போது மோதுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. புதுப் பாட்டின் கீழ் ஒலியை முழுதாக இறக்கிவைத்து, பாட்டைக் கையால் தள்ள உதவுகிற ஜாக் வீல் என்ற வட்டில் விரலை வைத்து, பின்னால் போனால் ஒரு தள்ளு, முன்னால் ஓடினால் ஒரு தடவல் என்று முப்பது நொடிக்கு மேல் கையாலேயே ஓட்டினேன். தாளத்தின் முதல் அடியான சமம் வருகிற இடத்தில் பழைய பாட்டின் பேஸை எடுத்துப் புதியதன் பேஸைக் கொடுத்தேன். அந்த இடத்தில் யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அம்மாச்சி நாற்காலியில் இருந்தபடியே கைதட்டினார், தாளம் துல்லியமாக இருந்தது.

உங்கள் மதிப்பெண் தாளில் சுருதி, லயம், கற்பனை, மேடை வெளிப்பாடு என்று நாலு தலைப்பு இருக்கிறது. இந்த முப்பது நொடியில் லயம் எங்கே இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுருதியும் இருக்கிறது. நிமிடத்துக்கு 118 அடி போகிற பாட்டை 125க்கு ஏற்றினால் அது ஏறக்குறைய 6 சதவீதம், சும்மா வேகத்தை மட்டும் கூட்டினால் பாட்டு அரைக்கட்டை மேலே போய்விடும். சுருதியைப் பூட்டிவைக்க வசதி உண்டு, ஆனால் அதிகம் இழுத்தால் குரல் தகரம் போலக் கேட்கும். அதனால் எந்தப் பாட்டின் சுருதி எதோடு சேரும், எது சேராமல் உறுத்தும் என்று முன்கூட்டியே காதில் இருக்க வேண்டும். இரண்டு பாடகர்களின் குரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது சுருதி பிசகினால் இசை படிக்காதவரும் முகத்தைச் சுளிப்பார்.

சரி, "அடுத்தவங்க பாட்டு" என்பதற்கு வருகிறேன். உங்கள் போட்டியில் வயலின் வாசிக்கிற பிள்ளை தியாகராஜர் கிருதியைத்தான் வாசிக்கப் போகிறது, அதைச் சொந்தப் பாட்டு இல்லை என்று யாரும் தள்ளமாட்டீர்கள். இந்த ஒப்புமை முழுதாகப் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும், வயலின்காரர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தன் விரலால் பிறப்பிக்கிறார், டிஜே ஏற்கெனவே பதிவான ஒலியை எடுத்துக்கொள்கிறார். ஆனால் பதிவான ஒலியை எடுத்துக்கொள்வதுதான் குற்றம் என்றால், நீங்கள் அனுமதித்திருக்கும் தயாரிப்பாளர்களில் எத்தனை பேர் நிற்பார்கள்? பாதி டிரம் ஒலிகள் வாங்கின தொகுப்பிலிருந்து வருபவை. ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதை லூப் என்று நாங்கள் தினமும் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் டிஜேக்களின் கைக்குப் பெரிய பங்கு உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க், தங்கை சிண்டி நடத்திய விருந்தில் இசைத்தட்டு போட்டார். பாட்டில் டிரம் மட்டும் தனியாக வருகிற சில நொடிகளுக்குத்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்று கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அந்தத் துண்டை நீட்டுவதை அவர் தன் முறையாக்கிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், துண்டு தொடங்குகிற இடத்தை இசைத்தட்டின் மேலேயே கிரேயானால் குறித்து, எத்தனை சுற்று பின்னால் சுழற்ற வேண்டும் என்று கணக்கு வைத்து, அடி பிசகாமல் அதைச் செய்து காட்டினார். பதிவான ஒலித் துண்டை எடுத்துத் திரும்ப வாசிக்கிற சாம்ப்ளர் கருவிகள் எல்லார் கைக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். 2019இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு ஃப்ளாஷுக்குக் கிடைத்தது, அது இசைக்கான பரிசு.

உங்களுக்கு இன்னும் அதிகாரமான சாட்சி வேண்டும் என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே இசைக் கச்சேரி நுழைவுச்சீட்டுக்கு 7 சதவீத வரி, கிளப்பில் ஆடுவது போன்ற கேளிக்கைகளுக்கு 19 சதவீதம். கிளப்பில் டிஜே வாசிப்பது எதில் சேரும் என்று வழக்கு நடந்தது. 2020இல் வரி வழக்குகளுக்கான அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், டெக்னோ, ஹவுஸ் என்கிற மின்னணு நடன இசை நிகழ்ச்சிகளும் கச்சேரிக் கணக்கில் வரலாம் என்றது. டிஜேக்கள் இசைத்தட்டை வெறுமனே ஓட்டவில்லை, இசைத்தட்டைச் சுழற்றுகிற டர்ன்டேபிளையும் பாட்டுகளைக் கலக்கிற மிக்ஸரையும் கருவியாகக் கொண்டு புதிதாக இசை செய்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பணக் கணக்கு பார்க்கிற வரி நீதிபதிகளே இதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே கலந்து வைத்த ஒரு மணிநேரக் கோப்பை ஓடவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களால் எங்கள் எல்லாருக்கும் கெட்ட பெயர். டெட்மௌஸ் போன்ற பெரிய தயாரிப்பாளரே 2012இல், பெரிய மேடைகளில் நாங்கள் எல்லாரும் பிளே பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்று எழுதினார். பெரிய மேடையில் விளக்கும் திரையும் பாட்டோடு நொடிக்கு நொடி பூட்டப்பட்டிருக்கும்போது அது பெரும்பாலும் உண்மைதான். அப்படியானால் ஏமாற்ற முடியாத மாதிரி போட்டியை வையுங்கள். பின்னணி இசையோடு உதட்டை அசைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் பாட்டுப் போட்டியையே நீங்கள் எடுத்துவிடவில்லையே.

டிஎம்சி உலக டிஜே போட்டி 1980களிலிருந்து நடக்கிறது, அதன் இறுதிச் சுற்றில் ஒருவருக்கு ஆறு நிமிடம். அதே ஆறு நிமிடத்தை நீங்களும் கொடுங்கள். சிங்க் பட்டன் கூடாது, அலைவடிவம் காட்டுகிற திரையைத் துணியால் மூடிவிடுங்கள். கால்மணி நேரம் முன்னால் நடுவர்கள் மூன்று பாட்டு கொடுக்கட்டும், அதில் ஒன்று பழைய பாட்டு, ஒன்று திஸ்ர நடை. மிருதங்கத்துக்கு மார்க் போடுகிற அதே நடுவரை உட்கார வையுங்கள், லயம் விலகினால் முதலில் அவர் தலைதான் நிமிரும். இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்துத் தாளம் எழுப்புகிற ஸ்க்ராட்ச் தெரிந்த பிள்ளைகள் அதையும் செய்யட்டும், அவர்கள் கை எவ்வளவு வேகமாகவும் சுத்தமாகவும் கணக்கு சொல்கிறது என்று அந்த நடுவரே உங்களிடம் சொல்வார்.

என் சித்தி மகன் ஒரு வருடமாகத் தினமும் கல்லூரி முடிந்து வந்து, ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்காமல் பழகிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பரிசு கொடுங்கள் என்று கேட்கவில்லை, சுருதியும் லயமும் பிசகினால் தாராளமாக முதல் சுற்றிலேயே வெளியே அனுப்புங்கள். பதிவு வெள்ளிக்கிழமை முடிகிறது என்று போட்டிருக்கிறீர்கள், அதற்குள் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கருவிகள் இல்லை என்பது தயக்கமாக இருந்தால் பாட்டு ஓட்டுகிற என்னுடைய இரண்டு டெக்கையும் மிக்ஸரையும் போட்டியன்று காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து பொருத்தித் தருகிறேன், வண்டிச் செலவும் என்னுடையது. மூடுகிற துணி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், நடுவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்கும்.

அன்புடன்,
இரண்டையும் செய்கிற உங்கள் அண்ணன் ஒருவன்