ஒரு ஊசிப் பொட்டலத்துக்கு நன்றி

அன்புள்ள கோவை, திருப்பூர், ஈரோடு இசைச் சொந்தங்களுக்கு,

வணக்கமுங்க. நேற்று ராத்திரி கச்சேரி நடந்துவிட்டது. இதை எழுதும்போதும் கை இன்னும் நடுங்குகிறது. எங்கள் ஜாஸ் குழுவின் கருவிகள் தண்ணீரில் மூழ்கிய அந்த மழை ராத்திரியைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை வாரி இறைத்தவர்களில் பாதிப் பேர் இதைப் படிக்கிறீர்கள்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து. கீபோர்டைப் பிரித்து, கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டைகளை ஒவ்வொன்றாக ஆல்கஹாலில் துடைத்து, முழுக்கக் காயும்வரை மின்சாரமே கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற செல்போன் ரிப்பேர் தம்பிக்கு நன்றி. அவசரப்பட்டுச் சுவிட்சைப் போட்டிருந்தால் போர்டே போயிருக்கும். டிரம்ஸை வெயிலில் வைக்க விடாமல், தோலையும் வளையத்தையும் கழற்றி நிழலில் படுக்க வைத்த துடும்பு மேளக் குழு அண்ணன்களுக்கும் நன்றி. ஒட்டுப்பலகை வெயிலில் காய்ந்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும் என்று அவர்கள் சொன்னதுதான் அந்த செட்டைக் காப்பாற்றியது. டெம்போ, ஜெனரேட்டர், மூன்று வேளைச் சாப்பாடு தந்தவர்களுக்கும் நன்றி. கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் அண்ணன் தன் ஆல்ட்டோ சாக்சபோனை ஒத்திகைக்கு ஒன்பது நாள் கொடுத்தார். இடையில் முகூர்த்தம் வந்த அன்று வாங்கிக்கொண்டு போய், வாசித்து முடித்த கையோடு அவரே திரும்பக் கொண்டுவந்து தந்தார். பிழைப்புக்கான கருவியை இப்படிக் கொடுக்க மனசு வேண்டும்.

ஆனால் கச்சேரி நாளும் முகூர்த்த நாள். அன்றைக்கு அந்த ஆல்ட்டோவைக் கேட்க முடியாது. நனைந்து கிடந்த எங்கள் சாக்சபோனே எழுந்தாக வேண்டும்.

தண்ணீரில் மூழ்கிய சாக்சபோனில் பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. முதலில் போவது பேடுகள். அட்டை மேல் கம்பளி வைத்து மெல்லிய தோல் போர்த்திய வட்டங்கள். ஆல்ட்டோவில் ஏறக்குறைய இருபத்தைந்து இருக்கும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் விறைக்கும், அதன்பின் துளை சரியாக மூடாது. அதற்கு வழி இருந்தது. பேடு செட் கூரியரில் வந்துவிட்டது. ஒட்டுவதற்கான அரக்கு நகைப் பட்டறையிலேயே கிடைக்கும். பேடு உட்காரும் கிண்ணத்தைச் சின்னத் தீயில் காட்டி, அரக்கு இளகும்போது பேடைத் துளைக்கு நேராகப் படிய வைத்தால் போதும். வராமல் போனது ஸ்பிரிங்.

சாக்சபோனின் பெரும்பாலான ஸ்பிரிங்குகள் சுருள் அல்ல, நீலம் ஏற்றிய எஃகு ஊசிகள். தடித்த முனை பித்தளைத் தூணின் துளைக்குள் இறுகி நிற்கும். மெல்லிய முனை சாவியின், அதாவது விரலால் அழுத்தும் கட்டையின், கொக்கியில் உட்காரும். பித்தளையும் எஃகும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால் எஃகுதான் அரிக்கும். அதனால் ஒடிவது பெரும்பாலும் தூணை ஒட்டிய இடத்தில். எங்களுக்கு ஏழு ஒடிந்தன. அதில் இரண்டு வலது கை விரல்களுக்கு உரியவை.

ஆவாரம்பாளையத்து லேத் பட்டறை அண்ணனிடம் போனது கம்பி கேட்டுத்தான். அவர் ஒடிந்த துண்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது கம்பி இல்லீங்க, ஊசி. கூம்பிப் போவுது பாருங்க" என்றார். வீட்டுக்கு ஒரு போன். பத்து நிமிஷத்தில் அக்கா தன் தையல் டப்பாவோடு வந்துவிட்டார். பிரிக்காத ஒரு பொட்டலம் கைத்தையல் ஊசி, பல தடிமனில் இருபத்தைந்து. "எடுத்துக்கங்க கண்ணு, பாட்டுக்குத்தானே" என்று கொடுத்துவிட்டு, பணத்தை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் அக்கா என்று மட்டும் எழுதுகிறோம்.

அதன்பின் அண்ணன் செய்ததை இங்கே முழுதாக எழுதி வைக்கிறோம். நாளைக்கு இன்னொருவருக்கு உதவும்.

மெஷின் ஊசி ஆகாது. அதன் தண்டு தடிப்பு, பக்கத்தில் பள்ளம் வேறு ஓடும். கைத்தையல் ஊசிதான் வேண்டும். மைக்ரோமீட்டரில் பழைய துண்டை அளந்து அதே தடிமனைத் தேர்ந்தெடுத்தார். மேல் சாவிகளுக்கு 0.7 மில்லிமீட்டர் அளவில், அகன்ற வாய்ப்பக்கத்துப் பெரிய சாவிகளுக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல். ஊசிக் காது வேண்டாத பகுதி; துணியில் சுற்றிக்கொண்டு கட்டிங் பிளையரில் நறுக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெறிக்கும்.

கடையில் வாங்கும் ஊசி அப்படியே ஸ்பிரிங் ஆகாது. அது மிகக் கெட்டி. வளைத்தால் படக்கென்று ஒடியும். இளக்க வேண்டும். முதலில் மேல் பூச்சை எமரி காகிதத்தில் தேய்த்து எடுத்தார். பூச்சு இருந்தால் நிறம் தெரியாது, நிறம் தெரியாவிட்டால் வேலை குருட்டுத்தனம். பிறகு ஒரு தகரத் தட்டில் லேத்தில் விழுந்த பித்தளைத் தூளைப் பரப்பி, ஊசிகளை அதில் பதித்து, அடியில் தீ. நேரே தீயில் காட்டினால் நுனி முந்திக் கருகும், அடி பச்சையாக நிற்கும். தூள் சூட்டைச் சமமாகப் பரப்புகிறது. எஃகு முதலில் வைக்கோல் நிறம், அடுத்துப் பழுப்பு, கத்தரிப்பூ, பிறகு நல்ல நீலம். நீலம் வரும்போது சூடு 300 டிகிரிக்குப் பக்கம். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். சாம்பல் நிறத்துக்குப் போனால் ஊசி தொய்ந்துவிடும், மறுபடி ஸ்பிரிங் ஆகாது. முதல் நான்கு ஊசி அப்படித்தான் போயின. அக்கா அவ்வளவு தாராளமாகக் கொடுத்ததால்தான் ஐந்தாவதுக்குத் தைரியம் வந்தது.

தூணில் சிக்கிய பழைய துண்டுக்கு ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, காலையில் மெல்லிய பஞ்ச் (punch) கம்பியால் எதிர்ப்பக்கம் தட்டி எடுத்தார். தூண் உடம்பில் பற்றவைத்தது. அடிக்கும்போது அடியில் முட்டுக் கொடுக்காவிட்டால் உடம்பே நசுங்கும். புது ஊசியின் தடித்த முனையில் 2 மில்லிமீட்டர் மட்டும் செக்கச் சிவக்கச் சுட்டு, மீதியைக் குறட்டில் கவ்விச் சூடு ஏறாமல் காத்து, ஆறியபின் சுத்தியால் லேசாகத் தட்டையாக்கினார். அந்தத் தட்டைதான் துளையில் ஆப்பு. கடைசியில், விசை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தப் பக்கம் நீளம் முழுக்க மெதுவாக ஒரு வளைவு. ஒரே இடத்தில் மடித்தால் அங்கேதான் பின்னால் ஒடியும்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறோம் என்றால், ஜாஸ் வாசிப்பவனுக்கு ஸ்பிரிங்தான் நாக்கு. விசை கூடினால் வேகமான வரிசைகளில் விரல் பின்தங்கும். குறைந்தால் சாவி சோம்பி எழும், இரண்டு சுரங்கள் ஒட்டிக்கொள்ளும். ஸ்விங் என்ற ஜாஸின் தாளத் தள்ளாட்டம் மெதுவான நடையில் நம் திஸ்ரத்துக்குக் கிட்டத்தான், ஒரு அடியில் நீளம் இரண்டு பங்கு, குறுக்கம் ஒரு பங்கு. வேகம் ஏற ஏற இரண்டும் சமத்தை நோக்கி நகரும். அந்த நுணுக்கமான தள்ளாட்டம் விரலுக்கும் பேடுக்கும் நடுவில் ஒரு ஊசியின் மேல் நிற்கிறது. நேற்று துடும்போடு சேர்ந்து வாசித்த பகுதி கரகரப்பிரியாவில் அமைந்தது. ஜாஸ்காரர்கள் டோரியன் என்று சொல்லும் அதே சுரங்கள். துடும்பின் கனத்த அடிக்கு மேல் வலது கை மோதிர விரல் அசைவு நழுவாமல் நின்றதற்குக் காரணம் ஒரு ரவிக்கை தைக்கிற ஊசி.

1953 மே 15, டொரண்டோ மாஸி ஹாலில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் ஆல்ட்டோவில். கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட அந்நியக் கருவியைக் கமகத்துக்கு வளைத்துக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். கையில் கிடைத்ததை வைத்துப் பாடவைப்பது இந்தக் கருவியின் குணமாகவே இருக்கிறது. கொங்கு மண்ணில் பம்பும் மோட்டாரும் பிறந்த பட்டறைகளுக்கு நடுவே ஜாஸ் பழகுகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு வெளிநாட்டை எதிர்பார்த்துக் கிடந்தோம். மைக்ரோமீட்டரும் நீலத்தை நொடியில் பிடிக்கிற கண்ணும் நாலு தெரு தள்ளி இருந்தன.

இனி எங்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஊசிப் பொட்டலம், ஒரு சிட்டிகை அரக்கு, மெல்லிய எண்ணெய் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு ஒத்திகையை நிறுத்திவிட்டு, கருவி பழுது பார்க்க உட்காருவோம். பேண்டு செட்டு கிளாரினெட், பள்ளிக்கூடத்து டிரம்பெட், எதுவானாலும் கொண்டு வாங்க. காசு வேண்டாம். ஊசி முறையைக் கற்றுக்கொண்டு போய் இன்னொருவருக்குச் சொல்லுங்க.

அண்ணனும் அக்காவும் நேற்று கடைசி வரிசையில் நின்றே கேட்டார்கள். முடிந்ததும் அண்ணன் மேடைக்குப் பின்னால் வந்து, வேறெதுவும் பேசாமல் கருவியை வாங்கி, கீழ் பி சாவியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். "இது கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்குதுங்க. இன்னும் ஒரு நூல் மெலிசா போடலாம். திங்கக்கிழமை கொண்டு வாங்க" என்றார். திங்கட்கிழமை போகிறோம்.