ஆதிக்கு ஊசி போடும் நாள்

வெள்ளவத்தை

அன்பு மகள் தர்ஷிக்கு,

நாங்கள் சுகம். ஆதி கிளினிக் வாசலில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதானாம். மருமகன் சொல்லித்தான் தெரியும், நீ மூச்சு விடவில்லை.

பள்ளிக்கூடம் போக முன் போடும் ஊசியைப் பிந்த விடாதே. சின்னமுத்து (மீசல்ஸ்) ஒழிந்துவிட்டதென்று 2019இல் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2023இல் கொழும்பிலேயே திரும்ப வந்தது.

வலிக்காது என்று பிள்ளைக்குச் சொல்லாதே. கொஞ்சம் குத்தும், கெதியில் முடிந்துவிடும் என்று சொல்லு. மரத்துப்போகும் கிரீம் ஃபார்மசியில் இருக்கும், கேட்டு வாங்கி ஒரு மணித்தியாலம் முன்பே பூசு. ஊசி போடும்போது படுக்கவைத்து அமுக்க விடாதே, உன் மடியில் நெஞ்சோடு சாய்த்து நிமிர்த்தி இருத்து. சோப் குமிழ் ஊதக் கொடு. குழப்படி செய்தால் டொக்டர் ஊசி போடுவார் என்று மாமி வெருட்டுகிறாவாம். அதை நிறுத்தச் சொல்லு, பக்குவமாக. நான் சொன்னதாக வேண்டாம். வலிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதே.

தாய் பயந்தால் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஓ.எல். படிக்கும்போது குழாயில் இரத்தம் ஏறுவதைப் பார்த்து வெளிறிப்போய் என் தோளில் சரிந்தாயே. அது கோழைத்தனம் இல்லை பிள்ளை, பிரஷர் சட்டென்று இறங்குவதால் வருவது. அப்படி மயக்கம் வருகிறவர்கள் கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கிப் பிடித்து, தளர்த்தி, திரும்ப இறுக்க வேண்டுமாம். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். படுத்துக்கொண்டே இரத்தம் எடுக்கவும் கேட்கலாம், வெட்கமில்லை.

பனியில் தனியே கார் ஓட்டி இரவு வேலைக்குப் போகிறவள் நீ. எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் அப்பாவுக்குச் சீனி வருத்தம் பிடித்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மூன்று மாதச் சீனியைக் காட்டும் பரிசோதனைக்குப் பட்டினி கிடக்கவும் தேவையில்லை. உனக்கு இரத்தம் எடுக்க டொக்டர் எழுதித் தந்த துண்டைப் பற்றி மருமகனிடம் கேட்டேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது ஆதிக்கு எந்தத் திகதி என்று சொல்லு. அன்றைக்கே உனக்கும் எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்துச் சொல்லு.

அம்மா