விளக்கத் தாளை உழவரிடம் கொடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேலூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். பூச்சிமருந்து வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் விலைக்கு முன்னால் கேட்பது, ‘டேங்குக்கு எவ்வளவு ஊத்தணும்?’ என்பதைத்தான். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி டப்பாவோடு விளக்கத் தாள் வரத்தான் செய்கிறது. ஆனால் ‘ஹெக்டேருக்கு 250 மில்லி, நீர் 500 லிட்டர்’ என்று அதில் அச்சிட்டிருந்தால், நிலத்தை ஏக்கரிலும் சென்ட்டிலும் கணக்கிட்டு, முதுகில் 10 லிட்டர் டேங்கைச் சுமந்து மருந்தடிப்பவர் அதைக்கொண்டு என்ன செய்வார்? ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆகவே ஏக்கருக்கு 100 மில்லி, தண்ணீர் 200 லிட்டர். அதாவது டேங்குக்கு 5 மில்லி வீதம் 20 டேங்க். ஹெக்டேர் அளவை ஏக்கருக்கு என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும். வீண்செலவு ஒருபுறமிருக்க, அடிப்பவர் உடம்புக்கும் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போகும் கத்தரிக்காய்க்கும் அது கேடு. அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதோ, அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் வெறும் எண்ணாக நிற்கிறது.

தாளை எழுதியவருக்கு விஷயம் தெரியாமலில்லை. மருந்தை அரசிடம் பதிவுசெய்ய வேண்டிய விவரம் எதையும் அவர் விடவில்லை. வரப்பில் நின்று படிப்பவரைத்தான் விட்டுவிட்டார். இப்படி எழுதும் பழக்கம் கல்லூரியிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அங்கே எழுதுவதைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவருக்கோ விடை முன்பே தெரியும்.

மதுரை வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் கிராமங்களில் தங்கிப் பயில்கிறார்கள். அவர்கள் நடத்தும் செயல்விளக்கங்கள் வரவேற்கத்தக்கவை. அதோடு, ஒவ்வொருவரும் ஒரு மருந்துக்கான பயன்பாட்டுக் குறிப்பை ஒரே பக்கத்தில் எழுதி உழவர் ஒருவரிடம் கொடுத்து, தாம் வாய் திறந்து எதையும் விளக்காமல், அவர் மருந்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரை அந்தக் குறிப்பின்படி அளந்து ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எந்த வரியில் அவர் தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்தி, வேறொருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணும் நடைக்காக அல்லாமல், உழவர் சரியாக அளந்தாரா என்பதற்காகவே வழங்கப்பட வேண்டும். பொறியியல் மாணவர்களும் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரத்துக்கு இதையே செய்து பார்க்கலாம்.

மாணவர் எழுதும் குறிப்பு கம்பெனித் தாளுக்கு மாற்றாகிவிடாது என்பதும், அளவுகளைப் பேராசிரியர் சரிபார்த்த பின்னரே அது வெளியே வரவேண்டும் என்பதும் உண்மை. அப்படிச் சரிபார்த்துத் தந்தால், டப்பாவோடு சேர்த்துக் கொடுக்க என் போன்ற கடைக்காரர்கள் தயங்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உரக்கடைக்காரர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.