அவலாஞ்சி முகாம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரையும் ஊட்டிப் பக்கம் உள்ள அவலாஞ்சி ஏரிக்கு அழைத்துப் போகிறோம். வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பிவிடுவோம். இரண்டு இரவும் டென்ட்டில்தான் தங்கல். வனத்துறை அனுமதி கைக்கு வந்துவிட்டது, நீலகிரிக்கான இ-பாஸும் எடுத்தாயிற்று.

"ஊட்டிக்குப் பத்துத் தடவை போயாச்சு, அங்கே இன்னொரு ஏரியில என்ன இருக்கு சார்?" என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நம் மேட்டுப்பாளையத்தில் ஓடும் பவானியில் அந்த ஏரித் தண்ணீரும் இருக்கிறது. அவலாஞ்சி, எமரால்டு இரண்டும் குந்தா நீர்மின் திட்டத்து அணைகள். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று வழியெல்லாம் மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் நம் ஊருக்கு வருகிறது. அதனால்தான் குன்னூர் பாதையை விட்டுவிட்டு காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழியாகப் போகிறோம். தண்ணீர் இறங்கிவரும் திசைக்கு எதிராகப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும். 43 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வாந்தி வரும் பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முன்சீட் ஒதுக்குகிறோம். அன்று காலை இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

ஏரிக்கு மேலே மலை மடிப்புகளில் சோலைக்காடு, முகடுகளில் புல்வெளி. மழையை வாங்கி வைத்துக் கோடையிலும் ஓடையாக விடுவது இவை இரண்டும்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோவையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அந்தப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து வாட்டில் எனப்படும் சீகை மரமும் தைலமரமும் நட்ட காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் சீகைத் தோப்புக்குள்ளும் சோலைக்குள்ளும் கால் வைத்து, மண்ணைக் கையில் அள்ளி வித்தியாசம் பார்க்கப் போகிறார்கள். நான் வகுப்பில் ஒரு மாதம் பேசினாலும் அதற்கு ஈடாகாது.

போன மாதம் நானும் உடற்கல்வி ஆசிரியரும் இடம் பார்க்கப் போயிருந்தோம். விடியற்காலை ஆறேகால் இருக்கும். புல் முழுக்க உறைபனி, உப்பு தூவினாற்போல. மிதித்தால் நறுக் நறுக்கென்றது. ஏரியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. எங்கோ நடுவில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கரைவரை கேட்டது. பிறகு எதிர்ச்சரிவிலிருந்து கருமந்தி ஒன்று 'ஹூ ஹூ' என்று குரல் கொடுத்தது. நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஸ்பீக்கர், செல்போன் இரண்டும் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். அங்கே சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆசிரியர் ஒருவர் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார்.

யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வேறொரு பள்ளியில் ஓர் அணைக்கரைக்குக் கூட்டிப் போனோம். மேலே காய்ந்து வெடித்திருந்த வண்டலில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கால் வைத்தான். கண் இமைக்கும் நேரத்தில் இடுப்பு வரை போய்விட்டான். துண்டுகளை முடிச்சுப் போட்டுத்தான் இழுத்தோம். அன்று அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது இன்னும் மறக்கவில்லை. மின்நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்கக் கரை இப்படித்தான் ஏமாற்றும். ஆகவே டென்ட் ஏரிக்கரையில் இல்லை, மேலே வனத்துறை காட்டியிருக்கும் மேட்டில். கேம்ப் ஃபயரும் கிடையாது. உறைபனியில் கருகிய புல் ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும்.

குளிர் இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். ஸ்வெட்டர் இரண்டு, மங்கி குல்லா, மூன்று ஜோடி காலுறை, கனமான போர்வை கட்டாயம். காலுறை நனையாமல் இருந்தாலே பாதிக் குளிர் போய்விடும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம், முறுக்கோ கடலை மிட்டாயோ டப்பாவில் போட்டு அனுப்பினால் போதும். ஆஸ்துமா, வலிப்பு இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். மாதவிடாய் நாள் வருமோ என்று தயங்கும் மகள்களையும் தைரியமாக அனுப்புங்கள். ஆசிரியைகள் இருவர் கூடவே இருப்பார்கள், தேவையானது எல்லாம் எடுத்து வருகிறார்கள்.

கட்டணம் 850 ரூபாய். முடியாதவர்கள் என்னிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேறு யாருக்கும் தெரியாது. பணத்துக்காக ஒரு பிள்ளைகூட வீட்டில் நிற்கக் கூடாது.

வரும் வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பள்ளியில் கூட்டம். சம்மதக் கடிதத்தை அன்று கையெழுத்திட்டுக் கொண்டு வாருங்கள். ஒரு டென்ட்டை மைதானத்தில் அடித்து வைத்திருப்போம், உள்ளே போய்ப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்