செவ்வாய்க்கு உள்ள இன்னும் உருகித்தான் கிடக்கு

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை மாணவர் பக்கத்துல செவ்வாய் பத்தி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க, நடுவுல இருந்த இரும்பு உறைஞ்சு போனதால காந்தப்புலம் போயிடுச்சுன்னு ஒரு வரி, பக்கத்துலயே சாம்பல் கலர்ல கருங்கல்லு மாதிரி ஒரு உருண்டை படம் வேற. என் பேத்தி அதை அப்படியே நோட்டுல எழுதிட்டா, அதான் இந்த லெட்டர்.

நாசாவோட இன்சைட் லேண்டர் 2018 நவம்பர்ல அங்க எறங்கி நில அதிர்வுகளைப் பதிவு பண்ணுச்சு, அதை வச்சுப் பாத்தா மையம் உருகின இரும்புதான். ஆரம் முதல்ல சுமார் 1,830 கிலோமீட்டர்னாங்க, அப்புறம் 1,650 பக்கம்னு குறைச்சாங்க. 2025ல நடுவுல சுமார் 600 கிலோமீட்டர் ஆரத்துக்கு கெட்டியா ஒரு உருண்டை இருக்குன்னு ஒரு குழு சொல்லுச்சு, சரி, இருக்கட்டுமே, அதைச் சுத்தி இருக்கறது திரவம்தானே?

உருகி இருந்தா மட்டும் பத்தாது சார், அது கொதிக்கிற குழம்பு மாதிரி கீழயும் மேலயும் புரளணும். மேல இருக்கற பாறை சூட்டை இழுத்துக்கிட்டே இருந்தாத்தான் அந்தப் புரளல் நடக்கும், இரும்பு புரள்றப்ப கரண்ட் ஓடும், அதுலதான் காந்தப்புலம் நிக்குது. செவ்வாய் சின்ன கிரகம், சூட்டை இழுக்கற வேகம் சீக்கிரமே கொறைஞ்சு போச்சு, சுமார் 400 கோடி வருஷம் முன்னாடி (370 கோடிங்கறவங்களும் உண்டு) புரளல் நின்னுடுச்சு. தெக்குப் பக்கப் பழைய பாறைங்கள்ல இன்னும் காந்தம் ஒட்டிக்கிட்டிருக்கு, செவ்வாயைச் சுத்தி வந்த நாசா விண்கலம் மார்ஸ் குளோபல் சர்வேயர்தான் கண்டுபிடிச்சுது, ஆனா ஹெல்லாஸ்ங்கற பெரிய பள்ளத்துல ஒண்ணும் பெருசா இல்ல, அது விழுந்தப்ப புலம் ஏற்கனவே செத்துப் போயிருக்கும்னு பலர் சொல்றாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா நம்ம பூமில உறையறதுதான் இஞ்சினே! உள்மையம் கொஞ்சம் கொஞ்சமா உறையறப்ப லேசான சரக்கு பிரிஞ்சு மேல எழும்பும், சூடும் வெளியாகும், அதுதான் வெளிமையத்தை இன்னிக்கும் கலக்கிக்கிட்டிருக்கு. வெள்ளி கிட்டத்தட்ட நம்ம சைஸ், ஆனா புலம் இல்ல, 243 நாளைக்கு ஒரு சுத்துதான் காரணம்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கென்னவோ அங்க பூமி மாதிரி மேலோட்டுப் பாறைத் தட்டுங்க நகர்றது இல்லாம சூடு உள்ளயே அடைஞ்சு கிடக்கறதுதான் பெரிய காரணமாப் படுது. அத்துணூண்டு புதன்ல பூமில நூத்துல ஒரு பங்கு புலம் இருக்கு, 1974லயே மரைனர் 10 விண்கலம் பாத்தாச்சு.

அடுத்த வாரம் ஒரு சின்னத் திருத்தம் போடுங்க சார், படத்துல அந்த உருண்டையை மட்டும் செவப்பாக்கிடுங்க.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார், திண்டுக்கல்