லைட்டு புடிச்சது நான்தான், அம்மிணி

அம்மிணி,

உங்கம்மா குடும்ப குரூப்ல போட்ட நரிவேட்டை போட்டோவ பாத்துட்டு "அப்பா, நீங்களா இது?"ன்னு ஒரே ஒரு வரி போட்ட, அதோட நாலு நாளா ஒரு சத்தமும் இல்ல, நான் அனுப்பறதுக்கெல்லாம் ப்ளூ டிக் மட்டும் விழுது. போன்ல பேசினா நீ வக்கீலாட்டம் கேப்ப, எனக்கு வாய் கொளறிரும். அதனாலதான் டைப் பண்றேன். தப்பு இருந்தா கண்டுக்காத.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். துப்பாக்கி என்னுது இல்ல. எனக்கு லைசென்ஸும் கெடையாது, வாங்கற ஐடியாவும் கெடையாது. போட்டோல என் கையில இருக்கறது ஸ்பாட்லைட். ஆனா நான் சும்மா கூடத்தான் போனேன்னு சொல்லி தப்பிக்கவும் மாட்டேன், ஏன்னா இந்த வேலையில பாதி லைட்டு புடிக்கறவன் கையிலதான் இருக்கு, அத நான் போன பின்னாடிதான் தெரிஞ்சுகிட்டேன்.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் செம்மறி வெச்சிருக்கற பெருசு ஞாபகம் இருக்கா, நீ சின்னப்புள்ளையில தாயில்லாத குட்டிக்கு பாட்டில்ல பால் குடுக்கறேன்னு தெனமும் ஓடுவியே, அவருதான். இப்ப முட்டி ரெண்டும் போச்சு. மகன் மேற்கு ஆஸ்திரேலியாவுல சுரங்க வேலைக்கு போயிட்டான். ஜூலை மாசம், குட்டி ஈத்து நேரம், காத்தும் மழையும்னு விக்டோரியாவுல இந்த ஹாமில்டன் பக்கத்து குளிர் எப்படின்னு உனக்கு சொல்ல வேண்டியதில்ல. ஒரு ஞாயித்துக்கெழம காலையில கதவ தட்டி, டாக்டர் கொஞ்சம் வந்து பாருங்கன்னு கூப்ட்டாரு. நான் நாமக்கல்ல வெட்னரி படிச்சுட்டு இங்க ஆடு வெட்டற ஃபேக்டரில சீல் குத்தறவன், இத்தன வருசத்துல என்னைய டாக்டர்னு கூப்டற ஒரே மனுசன் அவருதான், எப்படி போகாம இருக்கறது.

யூட் வண்டி பின்னாடி பலகைய எறக்கி அதுமேல செத்த 7 குட்டிய வரிசையா படுக்க வெச்சிருந்தாரு. நரி பண்ணின வேலை பாருங்கன்னாரு. நான் கத்திய வாங்கி ஒண்ணொண்ணா பாத்தேன். உனக்கு இது அருவருப்பா இருக்கும், இருந்தாலும் படி, இதுலதான் விசயம் இருக்கு. பொறக்கற குட்டிக்கு குளம்பு நுனியில மஞ்சளா மெத்துமெத்துன்னு ரப்பர் செருப்பு மாதிரி ஒண்ணு இருக்கும், வயித்துக்குள்ள இருக்கறப்ப தாய குத்தாம இருக்கறதுக்கு. எந்திரிச்சு நாலடி நடந்தா அது தேஞ்சிரும். 7-ல 4 குட்டிக்கு செருப்பு அப்படியே இருந்துச்சு, அந்த நாலும் நடக்கவே இல்ல. அதுல ரெண்டுக்கு நுரையீரல் துண்ட வெட்டி வாளித் தண்ணில போட்டேன், முழுகிப்போச்சு, மூச்சே விடலைன்னு அர்த்தம். மத்த ரெண்டுக்கும் வயித்துல பால் இல்ல, குளிர்ல போயிருக்கு. நரி வந்து தின்னது உண்மைதான், ஆனா தின்னது பொணத்த. பாக்கி 3 குட்டிக்கு செருப்பு தேஞ்சிருந்துச்சு, வயிறு நெறைய பால், கழுத்து தோல உரிச்சா உள்ளார ரத்தம் கட்டி கறுப்பா கெடந்துச்சு, பல்லு போன ஓட்டை ரெண்டு ரெண்டா. உசுரோட இருக்கறப்ப கடிச்சாத்தான் அப்படி ரத்தம் கட்டும்.

நரி கணக்குல மூணுதான் வரும், மிச்ச நாலும் உங்க கணக்கு, ரெட்டக்குட்டி ஆடுகள மேட்டுக்காத்துல விடாம மரவரிசைக்கு கீழ கொண்டுபோங்கன்னு சொன்னேன். மூஞ்சி சின்னதா போச்சு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி நாலுக்கு நான் பொறுப்பு, மூணுக்கு என்ன பண்ணட்டும்னு கேட்டாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு சாயங்காலமே லைட்டு புடிக்க ஆள் இல்லைன்னு சொன்னப்ப வரேன்னு சொல்லிட்டேன்.

இப்ப நீ என்ன கேப்பேன்னு தெரியும், நாய் வெக்கலாமே, கடலோரம் வார்ணம்பூல்ல பெங்குவினுக்கு காவல் போட்ட வெள்ளை நாய் மாதிரின்னு. அந்த மிடில் ஐலண்டு தீவ பாக்க உன்னைய கூட்டிட்டு போயிருக்கேனே, கரையில நின்னு பாத்தமே, அதான். தண்ணி வத்தற நேரம் நரி நடந்தே போயி 2005 வாக்குல பத்து பெங்குவின்கூட தேறாத நெலமை, 2006-ல மரெம்மா நாய்கள காவல் போட்ட பின்னாடி மறுபடியும் நூறத் தாண்டுச்சு. எனக்கும் அதுதான் புடிக்கும். ஆனா அங்கயே 2017-ல கடல் மோசமா இருந்து நாய கொண்டுபோயி விட முடியாம போன சில நாள்ல நரி பூந்து 100-க்கு மேல கொன்னுபோட்டுச்சு. நாய் இருந்தா நல்லது, ஆனா நாய் அங்கயே இருக்கணும். பெருசும் ரெண்டு மரெம்மா குட்டிக்கு சொல்லி வெச்சிருக்காரு, அதுக வளந்து ஆட்டோட பழகி காவலுக்கு நிக்க ரெண்டு வருசம் ஆகும். வெஷம் வெக்கறதுங்கற பேச்சே வேண்டாம்னு நான்தான் சொன்னேன். 1080ங்கற அந்த பொடிக்கு இந்த ஊர் மிருகங்க சிலது தாக்குப்புடிக்கும், நாய்க்கு துளி போதும், மாத்து மருந்தும் கெடையாது. சுத்தி வீட்ல எல்லாம் ஆடு மேய்க்கற கெல்பி நாய் இருக்கு. நரி வெஷம் வெச்ச கறித்துண்ட கவ்விட்டு போயி வேற எங்கயாவது பொதச்சு வெச்சிரும், எவன் வீட்டு நாய் தோண்டும்னு யாருக்கு தெரியும்.

சரி ராத்திரி கதைக்கு வரேன்.

பத்தரை மணிக்கு கெளம்பினோம். 2 டிகிரி. உங்கம்மா பின்னின மங்கி கேப், அதுக்கு மேல இன்னொரு குல்லா. யூட்ட மேட்டுல நிறுத்தி எறங்கியாச்சு, வண்டி ஓடறப்ப சுடற கதையெல்லாம் அவருகிட்ட கெடையாது. காத்து நம்ம மூஞ்சில அடிக்கற மாதிரி நிக்கணும், நம்ம வாசம் அந்தப்பக்கம் போகக்கூடாது. அப்புறம் சட்டைப்பையில இருந்து ஒண்ண எடுத்தாரு பாரு, சட்டை பட்டன விட கொஞ்சம் பெருசா ரெண்டா மடிச்ச தகரம், நடுவுல ஓட்டை, டென்டர்ஃபீல்ட் விசில்னு பேரு. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவுல வெச்சு காத்த உள்ளார இழுத்தாரு. கண்ணு, அந்த சத்தம்... முயல் கால் மாட்டிகிட்டு கத்தற சத்தம். பச்சக்கொழந்த அழுவுதோன்னு எனக்கு முதுகு சில்லுன்னு போச்சு. ஒரு அரை நிமிசம் ஊதிட்டு நிறுத்திட்டாரு. சும்மா ஊதிகிட்டே இருக்கக்கூடாதாம், சாகற முயலு எவ்வளவு நேரம் கத்தும்னு நரிக்கு தெரியுமாம்.

லைட்டுக்கு செவப்பு கண்ணாடி மாட்டியிருந்துச்சு. மெதுவா ஒரே வேகத்துல சுத்தணும். நேரா மூஞ்சில அடிச்சா நரி மெரண்டுரும், வெளிச்சத்தோட ஓரத்துல, கிண்ணத்து விளிம்புல வெச்ச மாதிரி, அத வெச்சிக்கணும். நான் மொத ரவுண்டுலயே பானட்டு மேல வெளிச்சத்த அடிச்சுட்டேன், அது அப்படியே அவரு ஸ்கோப்புக்குள்ள போயி கண்ணு கூசி ஒரு கெட்டவார்த்தை வந்துச்சு, அத இங்க எழுத முடியாது.

ஆடு நூத்துக்கணக்குல கண்ணு பச்சையா மொணுமொணுன்னு மின்னுது, ஏதோ டவுன மலைமேல இருந்து பாக்கற மாதிரி. அதெல்லாம் அசமந்தமா நிக்கும். நரிக்கண்ணு அப்படி இல்ல. கிட்டக்கிட்ட ரெண்டு பொட்டு, பளீர்னு, ஓடும், நிக்கும், அணையும், பத்தடி தள்ளி மறுபடி எரியும். கண்ணுக்கு பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, அதுதான் வெளிச்சத்த திருப்பி அடிக்குது, இத நானே பரிச்சையில எழுதி பாஸ் பண்ணினவன், இருந்தாலும் அத நேர்ல பாக்கறப்ப பாடம் ஞாபகத்துக்கு வரல.

வேலி ஓரமா ரெண்டு பொட்டு வந்துச்சு. நேரா நம்மள பாத்து வருது. எனக்கு கை நடுங்குது, இதுதான் இதுதான்னு நான் குசுகுசுன்னு சொல்றேன். அவரு துப்பாக்கிய வேலிக்கம்பத்துல சாச்சு வெச்சு பாத்துகிட்டே இருக்காரு, பாத்துகிட்டே இருக்காரு, சுடல. கண்ண சுடக்கூடாது, ஒடம்ப பாக்கணும், வாலு தெரியணும், அதுக்கு பின்னாடி மண்ணு இருக்கணும், வெறும் வானம் இருந்தா குண்டு எங்க போகும்னு தெரியாதுன்னாரு. அது ஒரு பக்கமா திரும்புச்சு. கழுத்துல பட்டை. நாலாவது வீட்டு கெல்பி, ராத்திரி அவுத்துகிட்டு ஊர்மேய வந்திருக்கு. அவரு போல்ட்ட தொறந்து தோட்டாவ எடுத்து பையில போட்டுட்டு, அந்த வீட்டுக்கு போன் போட்டு, நாய கட்டிப்போடுன்னு சொன்னாரு. அவ்வளவுதான். என் பேச்ச கேட்டிருந்தா என்னாயிருக்கும்னு எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஒரு மணிக்கு மேல வேற எடத்துல ஊதினப்ப நெஜ நரியே வந்துச்சு. நேரா வரல, காத்துக்கு கீழ்ப்பக்கமா வளைஞ்சு மோப்பம் புடிச்சுகிட்டு வந்துச்சு, அப்படித்தான் வருமாம். எம்பது மீட்டர்ல ஒக்காந்துச்சு. ஒக்காந்து காத தூக்கி சத்தம் வந்த எடத்தையே பாத்துச்சு. பின்னாடி மண்மேடு. ஒரே வெடி. லைட்ட அசைக்காத, விழுந்த எடத்த விடாதன்னாரு. கிட்ட போயி அவரு பாத்து உறுதி பண்ற வரைக்கும் நான் லைட்ட அசைக்கல. கெடா நரி, ஆறு கிலோ இருக்கும். அழகா இருந்துச்சு அம்மிணி, பொய் சொல்ல மாட்டேன். வாலு நுனியில வெள்ளை.

இன்னொண்ணும் வந்துச்சு, அது லைட்டு பட்ட ஒடனே திரும்பிருச்சு. முன்னாடி எவனோ அவசரப்பட்டு சுட்டு தப்பவிட்டிருக்கான், இனிமே அதுக்கு லைட்டே பாடம்னாரு பெருசு. ஒரு நரிக்கு பத்து டாலர்னு 2011-ல விக்டோரியா கவர்மெண்டு ஆரம்பிச்சதுல இருந்து இப்படி எவனாவது சுட்டுட்டு போயி நரிய உசார் பண்ணிவிட்டதுதான் மிச்சம்னு அவருக்கு ஒரு கோவம். எனக்கும் அது சரின்னுதான் படுது. எங்கயோ ஒரு நரி தலைக்கு காசு குடுத்தா இந்த பண்ணை ஆட்டுக்குட்டி பொழைக்குமா. ஒரு நரிய எடுத்தா காலி எடத்துக்கு இன்னொண்ணு வரும், சுத்தி இருக்கற பண்ணையெல்லாம் சேந்து ஈத்துக்கு முன்னாடி பண்ணினாத்தான் ஈத்து நடக்கற அந்த ஆறு வாரம் தாங்கும்.

இதுல நரி மேல தப்பே இல்லைங்கறது எனக்கும் தெரியும். 1800-கள்ல வெள்ளைக்காரன் குதிரையில தொரத்தி வெளையாடறதுக்கு மெல்பர்ன் பக்கம் கொண்டாந்து விட்டான், 1870-கள்லயே காலூனிருச்சு, அதுக்கு முன்னாடியே 1859-ல ஜீலாங் பக்கம் இன்னொருத்தன் வெளையாட்டுக்குன்னு முயல விட்டு, நரிக்கு சோறும் ரெடி. வெளையாண்டவன் போயிட்டான், பாவத்த முட்டி போன கெழவனும் நாமக்கல்ல படிச்சவனும் தூக்கறோம்.

வாழப்பாடி பக்கம் வங்காநரி ஜல்லிக்கட்டுன்னு உனக்கு சொல்லியிருக்கேனா? பொங்கலுக்கு வலை போட்டு காட்டுல நரிய புடிச்சு, வாய கட்டி, கால்ல கயிறு கட்டி கோயில் முன்னாடி ஓட விடுவாங்க. நரி மூஞ்சில முழிச்சா யோகம், மழை வரும்னு பேச்சு. உங்க கொள்ளுத்தாத்தா என்னைய தோள்ல தூக்கி வெச்சு காட்டினாரு. நான் கும்புட்டேன். அப்புறம் அத காட்டுக்குள்ள விட்டுருவாங்க. வனத்துறை அத தடை பண்ணி அபராதம் போடறாங்க, போட வேண்டியதுதான், கும்புடறோம்னு சொல்லிகிட்டு அத அந்த பாடு படுத்தறது எந்த ஊரு பக்தி. அது சின்ன நரி, இது வேற சாதி செந்நரி, இருந்தாலும் செத்துக்கெடந்தத பாக்கறப்ப எனக்கு தோள்மேல ஒக்காந்து கும்புட்டதுதான் ஞாபகம் வந்துச்சு. அதையும் அவருகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல, தொப்பிய கழட்டி மறுபடி போட்டுகிட்டாரு.

ஆகஸ்ட் கடைசிக்கு மேல வரமாட்டேன்னு சொல்லிட்டேன். அப்ப பெட்டை நரி வளைக்குள்ள குட்டி போட்டிருக்கும், தாய சுட்டா உள்ளார அதுக பட்டினில சாகும். இங்க நெறைய பேரு அதையெல்லாம் பாக்கறதில்ல. பெருசு சரின்னுட்டாரு, அதுக்குள்ள ஈத்தும் முடிஞ்சிரும். அதுவரைக்கும் கூப்ட்டா போவேன். உனக்கு புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லு, ப்ளூ டிக் மட்டும் போடாத.

அந்த விசில அவரு எனக்கே குடுத்துட்டாரு. பேன்ட் பையில கெடந்தத தொவைக்கறப்ப எடுத்து உங்கம்மா சமையக்கட்டுல நின்னு ஊதிப்பாத்திருக்கா, ஒரு நிமிசத்துல பக்கத்து வீட்டு பூனை பின்வாசல்ல வந்து ஒக்காந்துகிச்சு. இப்ப தெனமும் வருது.

இன்னொரு விசயம். செத்த மூணுல ஒண்ணோட ஜோடிக்குட்டி நம்ம வீட்டு துணி தொவைக்கற ரூம்ல அட்டப்பெட்டிக்குள்ள இருக்கு. தாய் சேத்துக்கல. சீம்பால் பவுடர் கரைச்சு குடுத்து தேத்தியாச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ பாட்டில். உங்கம்மா அதுக்கு உன் செல்லப்பேர வெச்சுட்டா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன். போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், இத மட்டும் குரூப்ல போடுன்னு சொல்லியிருக்கேன்.

கத்துது, பால் டைம் ஆயிருச்சு. சாப்ட்டியா?

அப்பா