ஓனிமுஷா மறுபதிப்பு: வாள் மழுங்கவில்லை, சட்டகம்தான் பழசு

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம்கள் புதுப்பிக்கப்பட்டு மறுபடி கடைக்கு வரும்போது, அவற்றைப் பற்றிய குறிப்புகள் வெளியாகும் தேதி, விலை, ‘படம் பளிச்சென்று இருக்கிறது’ என்ற மூன்றோடு முடிந்துவிடுகின்றன. காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இன்றைக்குக் கையில் எடுத்தால் ஓடுமா, எந்த அமைப்பில் வைத்து ஆட வேண்டும், எங்கே சறுக்கும்? கேப்காம் நிறுவனத்தின் வாள்சண்டைத் தொடரில் முதல் பாகமான ‘ஓனிமுஷா: வார்லார்ட்ஸ்’ பற்றி இந்தக் கேள்விகளுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டிய நேரம் இது. இரண்டாம் பாகத்தின் மறுபதிப்பு 2025 மே மாதம் வந்தது. ஜப்பானின் புகழ்பெற்ற வாள்வீரர் மியமோட்டோ முசாஷியை நாயகனாக்கிய புதிய பாகம் 2026-க்கு என்று அறிவிக்கப்பட்டது. பழையதிலிருந்து தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தக் கடிதம்.

மூல விளையாட்டு 2001 ஜனவரியில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. கேப்காமின் திகில் விளையாட்டான ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆட்டத்தின் எலும்புக்கூட்டை எடுத்து, அதைப் போர்க்கால ஜப்பானில் நிறுத்திப் பார்க்கும் யோசனைதான் தொடக்கம். அதனால்தான் பூட்டிய கதவு, தேட வேண்டிய சாவி, அறைக்கு அறை மாறும் அசையாத கேமரா எல்லாம் இதிலும் உண்டு. பிளேஸ்டேஷன் 2-இல் பத்து லட்சம் விற்பனையைத் தொட்ட முதல் விளையாட்டு இதுவே. நாயகன் சமனோசுகே அகேச்சிக்கு முகம் கொடுத்தவர் நடிகர் தகேஷி கனேஷிரோ. மறுபதிப்பு ஜப்பானில் 2018 டிசம்பரிலும், மற்ற நாடுகளில் 2019 ஜனவரியிலும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச், கணினி ஆகியவற்றுக்கு வந்தது. அப்போது விலை சுமார் 20 டாலர்.

கதை 1560-இல் ஒகெஹசாமா போரில் தொடங்குகிறது. வரலாற்றில் ஓடா நொபுனாகா என்ற படைத்தலைவர் அந்தப் போரில் வென்று, 1567-இல் இனபயாமா கோட்டையைப் பிடித்து, 1582-இல் அகேச்சி மிட்சுஹிதேயின் கலகத்தில் செத்தார். விளையாட்டிலோ வெற்றிக் களத்திலேயே அம்பு பட்டுச் சாகிறார், ஜென்மா என்ற அசுரக் கூட்டம் அவரை எழுப்பிக்கொள்கிறது. அடுத்து அதே இனபயாமா கோட்டையில் ஆட்கள் காணாமல் போகிறார்கள், இளவரசி யூகி உதவி கேட்கிறாள். சமனோசுகே என்ற பெயரும் மிட்சுஹிதேயின் உறவினரான ஒரு நிஜ வீரருடையதுதான். அசுரர்களுக்கு மட்டும் ஃபோர்டின்பிராஸ், கில்டன்ஸ்டெர்ன், மார்செல்லஸ், ஆஸ்ரிக் என்று ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்துப் பெயர்கள். ஏன் என்று கேட்கக் கூடாது!

இனி வாளுக்கு வருவோம், ஏனென்றால் இந்த விளையாட்டு இன்றும் நிற்பது அதனால்தான். தாக்கு, தடு, ஆன்மாவை உறிஞ்சு, மந்திரத்தை ஏவு. பட்டன்கள் இவ்வளவுதான். ஆழம் இருப்பது ‘இஸ்சென்’ என்ற ஒற்றை வெட்டில். எதிரியின் ஆயுதம் நம் மேல் படப்போகும் நொடியில், தடுப்பை விட்டுவிட்டுத் தாக்கும் பட்டனை ஒரே முறை அழுத்தினால், சாதாரண எதிரி ஒரே வீச்சில் விழுவான். புதிதாக ஆடுபவர்கள் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, எதிரி வாளை ஓங்கியதுமே அழுத்திவிடுவது. ஓங்கும்போது இல்லை, இறங்கும்போது. இரண்டு, பயத்தில் பட்டனைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருப்பது. அப்படித் தட்டினால் சாதாரண வெட்டுதான் விழும், பதிலுக்கு அடியும் வாங்குவோம். தொடக்கத்தில் வரும் அடிமட்ட வாள்வீரர்கள் மெதுவாக வீசுகிறார்கள். பழகுவதற்கு அவர்களே போதும்.

இதில் மறுபதிப்பின் தவறே இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. 2001-இல் பெரும்பாலோர் வீட்டில் இருந்த குழாய் டிவி படத்தைத் தாமதமின்றிக் காட்டியது. இன்றைய தட்டை டிவிகள் படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் இஸ்சென்னின் மெல்லிய இடைவெளியை விழுங்கிவிடும். டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ போட்டுவிட்டு, அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமலே ‘டைமிங் சரியில்லை’ என்று விளையாட்டைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

செத்த எதிரியிடமிருந்து ஆன்மாக்கள் கிளம்பும். சிவப்பு என்றால் ஆயுதம் வளர்க்கும் மூலதனம், நீலம் மந்திரம், மஞ்சள் உயிர். கையிலுள்ள கவசத்தால் உறிஞ்சும்வரை அவை காத்திருக்காது, சற்று நேரத்தில் மறையும். உறிஞ்சும்போது நாம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அடியும் விழும். ஆக, மூன்று பேர் சூழ்ந்திருக்கும்போது ஒருவனை வெட்டியதும் உடனே இழுப்பதா, மற்ற இருவரையும் முடித்துவிட்டு இழுப்பதா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் சலிக்காத கணக்கு இது. துணைக்கு வரும் நிஞ்சா பெண் கயெதேயை ஆடும் பகுதிகளில் கவசம் கிடையாது, உறிஞ்சவும் முடியாது. அங்கே விளையாட்டு சட்டென்று வெளிறிப்போவதைப் பார்த்தாலே இந்த ஏற்பாட்டின் மதிப்பு புரியும்.

சிவப்பு ஆன்மாவைச் செலவழிக்கும் வரிசை முக்கியம். மின்னல், நெருப்பு, காற்று என்று மூன்று மந்திரக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாள். மின்னலின் ரைசான் நடுத்தரம், நெருப்பின் என்ரியூ கனமும் மெதுவும், காற்றின் ஷிப்பூ வேகம். வாளையும் கல்லையும் தனித்தனியாக மூன்று படி வரை உயர்த்தலாம். புதியவர் எல்லாவற்றையும் பிடித்த வாளில் கொட்டிவிடுவார். ஆனால் கோட்டையின் முத்திரை போட்ட கதவுகள் வாளின் படியைப் பார்த்துத் திறப்பதில்லை, கல்லின் படியைப் பார்த்தே திறக்கின்றன. எனவே கதவு கேட்கும் அளவுக்கு முதலில் கல், மிச்சத்தில் வாள். மூலிகையை மருந்தாக்குவது, அம்பை நெருப்பம்பாக்குவது எல்லாம் கடைசி. சேமிப்பும் மேம்படுத்தலும் மந்திரக் கண்ணாடியில் மட்டுமே நடக்கும், தானாகச் சேமிக்கும் வசதி முதல் பாகத்தில் இல்லை. கண்ணாடியைத் தாண்டிப் போய்ப் பெரிய எதிரியிடம் செத்தால் அத்தனை தூரமும் மறுபடி நடக்க வேண்டியதுதான்.

மறுபதிப்பு செய்த உண்மையான உதவி கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூலத்தில் நடப்பது திசைப் பட்டன்களில் மட்டும், அதுவும் டாங்கி ஓட்டுவதுபோல. மேல் பட்டன் என்றால் திரையில் மேலே போவதில்லை, பாத்திரம் பார்க்கும் திசையில் முன்னே போகும். இப்போது அனலாக் ஸ்டிக்கைத் தள்ளிய பக்கம் ஓடலாம். பழைய முறையும் அப்படியே இருக்கிறது. கேமரா கோணம் வெட்டி மாறும் வாசல்களில் மட்டும் ஸ்டிக் காலை வாரும். முன்கோணத்தில் ‘மேலே’ இருந்தது அடுத்த கோணத்தில் ‘கீழே’ ஆகி, வந்த வழியே திரும்பி ஓடுவோம். அந்த இடங்களில் திசைப் பட்டனுக்கு மாறுவதே நல்லது. சண்டையில் எதிரியை நோக்கி நிற்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகருங்கள். திரைக்கு வெளியே நிற்கும் எதிரியிடமிருந்து காப்பாற்றும் ஒரே வழி அது. ஆயுதம் மாற்ற முன்பு மெனுவைத் திறக்க வேண்டும், இப்போது ஒரு பட்டன் போதும். பலமுறை செத்த பிறகே கிடைத்த எளிய நிலை தொடக்கத்திலேயே கிடைக்கிறது.

படத்தைப் பற்றி விளம்பரம் சொல்லாததைச் சொல்கிறேன். பின்னணிகள் முப்பரிமாணக் காட்சிகள் அல்ல, முன்பே கணினியில் தயாரித்து வைத்த ஓவியங்கள். அவை பழைய டிவியின் 4:3 அளவுக்கு வரையப்பட்டவை. அகலத்திரைக்கு அதே ஓவியத்தை அகலம் குறையாமல் பெரிதாக்கும்போது உயரத்தில் கால் பங்கு திரைக்கு வெளியே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் 16:9-இல் நாயகன் நகர நகரப் படம் மேலும் கீழும் உருள்கிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் ஒளிப்பதிவாளர் கண்ணோடு அமைத்த சட்டகம் கலைகிறது. இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும், முதல் முறை 4:3-இல் ஆடுவதே சரி என்பது என் தீர்மானம். பாத்திரங்கள் மட்டும் கூர்மையாகத் தெரிவதால், மங்கலான பின்னணியின் மேல் ஒட்டவைத்ததுபோல் சில அறைகள் தோன்றும். இடையில் வரும் கணினி அசைபடங்கள் பழைய தரத்தைப் பெரிதாக்கியவை, பெரிய டிவியில் வயதைக் காட்டிக்கொடுக்கும்.

இசை முழுக்க வேறு. மூலத்தில் 200 பேருக்கு மேற்பட்ட வாத்தியக் குழுவின் இசை, மாமோரு சமுராகோச்சி பெயரில் வந்தது. அவருக்காக தகாஷி நீககி மறைவில் எழுதிக் கொடுத்துவந்தது 2014-இல் வெளியானது, ஜப்பானே அதிர்ந்தது. மறுபதிப்பில் அந்த இசை இல்லை, புதிதாக அமைத்ததே ஒலிக்கிறது. கெட்ட இசை என்று சொல்ல முடியாது, ஆனால் பழையதைக் கேட்டவர்களுக்கு வெற்றிடம் தெரியும். பேச்சுக்கு ஜப்பானிய மொழியையே தேர்ந்தெடுங்கள், ஆங்கிலக் குரல்கள் அன்றைக்கே சிரிப்பை வரவழைத்தவை.

எனக்கு மனத்தாங்கல் ஒன்றில்தான். 2002-இல் எக்ஸ்பாக்ஸுக்கு ‘ஜென்மா ஓனிமுஷா’ என்று விரிவாக்கப்பட்ட பதிப்பு வந்தது. அதில் பச்சை ஆன்மா உண்டு, நாம் இழுக்காவிட்டால் எதிரி இழுத்துப் பலம் பெறுவான். மறுபதிப்பு இதைத் தொடவே இல்லை, பிளேஸ்டேஷன் 2 பதிப்போடு நின்றுவிட்டது. அதே விலைக்கு இரண்டையும் கொடுத்திருக்கலாம்.

முதல் ஓட்டம் ஐந்து மணி நேரத்தைச் சுற்றி முடியும். குறைவு என்பார்கள். நீட்டி இழுக்காதது இதன் பலம் என்பேன். சவால் வேண்டுபவருக்கு இருள் உலகம் என்ற தனிச் சண்டைப் பகுதி இருக்கிறது, 20 தளங்கள். கடைசித் தளத்தில் கிடைக்கும் பிஷமோன் ஒகரினா என்ற ஊதலே பிஷமோன் வாள் இருக்கும் கதவைத் திறக்கும். அந்த வாள் கைக்கு வந்தால் பெரும்பாலான எதிரிகள் ஓரிரு அடியில் முடிவார்கள். மருந்து நிரப்பாமல் இருள் உலகத்தில் இறங்க வேண்டாம்.

இரண்டாம் பாகத்தின் மறுபதிப்பில் தானாகச் சேமிக்கும் வசதியும், நினைத்தபோது ஓனியாக, அதாவது ஜப்பானியக் கதைகளின் பூதமாக, உருமாறும் வசதியும் சேர்ந்திருக்கின்றன, கை கொஞ்சம் இலகுவாகவே ஓடும். ஆனாலும் முதல் பாகத்தை முடித்துவிட்டே அதற்குப் போங்கள், திரும்பி வந்தால் இதன் கடுமை எரிச்சலாகத் தெரியும். கணினியில் வாங்குபவர்கள் விசைப்பலகையை நம்பாமல் திசைப் பட்டன் நன்றாக இருக்கும் ஒரு கன்ட்ரோலரைச் சேர்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்